ஞானராஜ் அத்தானின் ஓட்டை விழாத மரம்

அத்தான் இறந்த செய்தி வந்தபோது நான் அவர்மீது கோபமாகத்தான் இருந்தேன். அன்று காலையில் ஒரு சோப்பு டப்பாவுக்காக அவரோடு போனில் சண்டை போட்டிருந்தேன். அவர் செய்த கேரவன் வண்டிக்குள் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அதைப் பொருத்தித் தரச் சொல்லி அக்கா பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சோப்புக்கு என்னத்துக்கு டப்பா? கையில வச்சுக்கிட வேண்டியதுதான" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் டூட்டியில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் போன் வந்தது. "விமலா, ஒங்க அத்தான் போயிட்டாவ. சாப்பிட்டு எந்திரிச்சாவ, நெஞ்ச புடிச்சிட்டு அப்படியே ஒக்காந்துட்டாவ" என்றாள். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அன்றும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

ஞானராஜ் அத்தான் என் அக்கா லீலாவின் கணவர். ராஜபாளையத்தில் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். நம் சபையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. அடக்க ஆராதனையில் நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பொறுமைசாலி என்றீர்கள், அமைதியானவர் என்றீர்கள். பெட்டிக்குள் இருப்பது வேறு யாரோ என்று நான் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். நம் போதகர் ஐயர் என்னிடம், "நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். நல்ல வார்த்தைகளை எல்லாம் நீங்களே சொல்லித் தீர்த்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பதைத்தான் நான் எழுத முடியும்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வருஷங்கள் ஆகின்றன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, மறுபடி புதுத் திரவத்தை விட வேண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன்பு என்று தினமும் இதே வேலை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது ஒரு வசதி. ஆனால் அந்த வசதியே அவளை ஒரே அறையில் கட்டிப் போட்டுவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியைத் தவிர அவள் எங்கும் போனதில்லை. திரவப் பையைத் தலைக்கு மேலே தொங்கவிட ஒரு கொக்கி, கை கழுவத் தண்ணீர், அடைத்துக்கொள்ள ஒரு கதவு, இவை மூன்றும் இருக்கிற இடத்துக்குத்தான் அவள் போக முடியும். அத்தான் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி அதைக் கேரவனாக மாற்றியது அவளை வெளியே கூட்டிப்போகத்தான். அதை நான் மறுக்கவில்லை. அவருடைய எண்ணங்கள் எல்லாமே நல்லவைதான். அதைச் செய்கிற விதத்தில்தான் கூட இருப்பவர்களின் உயிரை எடுப்பார்.

வண்டிக்கு உள்ளே முழுக்கத் தேக்கு பிளைவுட் அடித்தார். பக்கத்துச் சன்னல்களை எல்லாம் அடைத்து மரம் போட்டுவிட்டார். பின்பக்கம் இருந்த ஒரு பெரிய சன்னலை மட்டும் விட்டுவைத்து, அதைச் சுற்றி நல்ல கனமான தேக்குச் சட்டம் வைத்தார். ஆசாரி போட்ட பாலிஷ் பிடிக்காமல் தானே மறுபடி தேய்த்துப் போட்டார். அதன் பிறகு ஒரு கட்டளை போட்டார். மரத்தில் ஆணியோ ஸ்க்ரூவோ இறங்கக் கூடாது. "ரோட்டுல வண்டி ஆடும். ஆட ஆட ஸ்க்ரூ லூஸாகும், ஓட்ட பெருசாகும். மழத்தண்ணி அதுக்குள்ள போச்சுன்னா பிளைவுட் ஊதிரும். மரத்துல எவனாவது கை வச்சான், கைய முறிச்சிருவேன்" என்றார். காரணம் சரியானது. அவர் சொல்லும் காரணங்கள் எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காத முதல் விஷயம்.

வண்டியின் பிரதிஷ்டை ஜெபத்தன்று நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நம் ஆட்களுக்குப் புது வீடு என்றால் சுவர்க் கடிகாரமும் வசனப் படமும்தான் தெரியும். வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் என்ன, அதே பரிசுதான். ஆளுக்கொரு கடிகாரம் கொண்டுவந்தீர்கள். ஐயர் கண்ணாடி போட்ட பெரிய வசனப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுப் பிரதிஷ்டையில் ஐயர் கையால் முதல் ஆணி அடிப்பது வழக்கமாயிற்றே என்று யாரோ சுத்தியலும் ஆணியும் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தோம். அத்தான் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்திருக்கிறார். ஆமென் சொல்லி நாங்கள் நிமிர்ந்தபோது சுத்தியல் அவர் கையில் இருந்தது. "வசனம் நெஞ்சுக்குள்ள இருக்கட்டும் ஐயா, மரத்துல வேண்டாம்" என்றார். ஐயர் சிரித்துச் சமாளித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேசரியைப் பரிமாறினாள். அந்த ஐயர்தான் இப்போது அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கிறார். ஊழியக்காரருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆணி இல்லாமல் ஒரு குடித்தனத்தை எப்படி வண்டிக்குள் நிறுத்துவது என்று அவர் மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்தார். ஒரு கடிகாரத்தின் முதுகில் காந்தத்தை ஒட்டிக் கதவோரத்து இரும்பில் நிறுத்தினார். மற்ற கடிகாரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதுவும் கொடுத்தவர்கள் வீட்டுக்கே போய். சீட்டுகளைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, நீளமான போல்ட்டாக மாற்றி, அதில் வார் கட்டி அடுப்பையும் குக்கரையும் இறுக்கினார். தட்டுகளுக்குச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைப் பல மடிப்பாகத் தைத்துப் பை செய்யச் சொன்னார். தைத்தது அக்கா. டம்ளர்களுக்கு அடியில் ரப்பர் விரித்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்டினார். சித்திரை வெயிலில் டேப் உருகி, தளவாய்புரம் வளைவில் கண்ணாடி அக்காவின் மடியில் விழுந்தது. "கண்ணாடி உடையலல்லா" என்றுதான் முதலில் கேட்டார். அவள் தலை சீவுவதற்குக் கைப்பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொண்டாள். அந்த வண்டியில் அவளுக்கென்று துண்டு போட ஒரு கொக்கிகூட இல்லை. துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிவாள்.

இனி சொல்லப் போவதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. முதல் பயணமாக அக்காவைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். வனத்துறைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மர நிழலில் வண்டியை நிறுத்தினோம். மத்தியானப் பையை எங்கே மாட்டுவது என்று நான் கேட்டேன். பின்சன்னல் கண்ணாடியில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற ரப்பர் கொக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது வேண்டாம் அத்தான், பை கனம். சன்னல் சட்டத்துல ஒரே ஒரு கொக்கி அடிச்சிருங்க. அது பிளைவுட் இல்ல, நல்ல தேக்கு, தாங்கும்" என்றேன். "நர்ஸு வேலைய நீ பாரு, பிட்டர் வேலைய நான் பாக்கேன்" என்றார். சன்னல் கண்ணாடியை மூடி, கையைக் கழுவி, குழாயை இணைத்து, அக்கா வெளியே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. செத்த நேரத்தில் ரப்பர் கொக்கி விட்டுவிட்டது. பை அவள் காலில் விழுந்து, குழாய் இழுபட்டு, இணைப்பு கழன்று தரையில் கிடந்தது.

குழாயின் வாய் அழுக்கானால் கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். என்னால் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தேன். இருந்தும் சில நாட்களில் அவள் வயிற்றிலிருந்து வந்த திரவம் கலங்கலாக இருந்தது. வலியில் சுருண்டுவிட்டாள். மதுரையில் சேர்த்தோம். வார்டு வாசலில் வைத்து நான் அவரைக் கேட்டேன். "மரத்துக்கு நோகும்னு பாத்தீங்க, எங்கக்கா வயித்துக்கு நோகாதா?" அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கொக்கி நல்ல கொக்கிதான். கண்ணாடி வேர்த்திருச்சு" என்றார். உள்ளே அவர் மனைவி முனகிக்கொண்டு கிடக்கிறாள், இவர் கொக்கிக்கு வக்கீலாக நிற்கிறார். அன்றைக்கு என் கையில் எதுவும் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம்.

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்தபோது வண்டிக்குள் ஒரு இரும்புக் குழாய் நட்டமாக நின்றது. தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். அடியில் திருகினால் உயருகிற பாதம், இரண்டு முனையிலும் கனத்த ரப்பர், மேலே பையை மாட்ட ஒரு வளையம். மேல்முனை கூரையின் இரும்புச் சட்டம் ஓடுகிற இடத்தில் சரியாக முட்டியது. ஒரு ஓட்டை கிடையாது, ஒரு கீறல் கிடையாது. என்னைக் கூப்பிட்டு, அந்தக் குழாயில் இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார். விழ வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். விழவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. அக்காவிடமாவது தனியாகக் கேட்டாரா என்று நான் விசாரித்தேன். "அவியளுக்கு அதெல்லாம் வராது, விடு" என்றாள்.

அந்தக் குழாயின் தயவில் அக்கா ஊர் ஊராகப் போனாள் என்பது உண்மை. மணப்பாட்டுக்குப் போனார்கள், குற்றாலத்துக்குப் போனார்கள், கொடைக்கானல் அடிவாரம் வரை போனார்கள். அந்தப் படங்களை நீங்களும் போனில் பார்த்து, எவ்வளவு அன்பான கணவர் என்று சொல்லியிருப்பீர்கள். படத்தில் இல்லாததை நான் சொல்கிறேன். கூரையில் இரும்புச் சட்டம் இருந்தது டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான். அதனால் குழாயும் அங்கேதான் நின்றது. அங்கே உட்கார்ந்தால் எதிரே இருப்பது டிரைவர் சீட்டை மறைக்கிற மரத்தடுப்பு. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல் அக்கா அந்தத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மணப்பாட்டில் கடல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "அல சத்தம் கேட்டுச்சுட்டி" என்று திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னாள். பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை.

சன்னல் பக்கம் மாற்றிக்கொடுங்கள் என்று அவள் கேட்காமல் இல்லை. என் முன்னாலேயே கேட்டிருக்கிறாள். "ஏங்க, பின்சன்னல் கிட்ட உக்காந்தா செத்த நேரம் வெளிய பாத்துக்கிட்டாவது இருப்பேன்." கூரை அங்கே வெறும் பிளைவுட், குழாயை முட்டுக்கொடுத்தால் அமுங்கிவிடும் என்றார். "அப்ப சட்டத்துல ஒரு கொக்கி" என்றாள். "அதுலயா? அத தேச்சுத் தேச்சு என் கைரேகையே போச்சு. ஒனக்குப் பை ஏறணும், ஏறுதுல்லா? பொறவென்ன" என்றார். கேட்டுக் கேட்டு, எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குப் பழகியிருந்தது. அவளுக்காக நான் பேசினேன். வழக்கம்போல அவரே ஜெயித்தார். போன வருஷம் முழுக்க எங்களுக்குள் நடந்த சண்டைகளை நீங்கள் சோப்பு டப்பா சண்டை என்றும் துண்டுக் கொக்கி சண்டை என்றும் கேலி செய்தீர்கள். எல்லாம் அந்தச் சன்னலுக்காக நடந்த சண்டைதான்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அக்கா மகன் ஆல்வின் ஒருவரைக் கூட்டி வந்தான். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறவன், அம்மாமேல் பாசமுள்ளவன், குறை சொல்ல மாட்டேன். வந்தவர் மலையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். கேரவனை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். உள்ளே ஏறி ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். "இம்புட்டு வருஷம் ஓடுன வண்டியில ஒரு ஆணி ஓட்ட கூட இல்லையே. பெரியவர் பூப்போல வச்சிருந்திருக்காரு" என்றார். பின்சன்னல் சட்டத்தை மட்டும் இரண்டு தடவை தடவினார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "ஓட்ட ஆள் இல்லாம இது எதுக்கும்மா, நின்னு துருப்பிடிச்சுப் போகும்" என்று ஆல்வின் சொன்னான். அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வண்டி போனால் அவள் திரும்ப அந்த ஒரே அறைக்குள் போக வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் போன் செய்தாள். "விமலா, டூட்டி இல்லன்னா வாரியா? அவிய ட்ரில்லிங் மெஷின் கிடக்கு. பிட்டு மாட்டத் தெரியல." நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஆல்வின் கடைக்குப் போயிருந்தான். துளையிடும் பிட்டை மாட்டிக் கொடுத்து, "தா, நான் போடுதேன்" என்று கை நீட்டினேன். தரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பின்சன்னல் சட்டத்தின் நட்டநடுவில் பிட்டை வைத்தாள். முதலில் பிட் வழுக்கி, பாலிஷில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. நான் பதறிவிட்டேன், சிரிப்பாக இருக்கிறது, அந்த மரத்துக்காக நான் பதறுகிறேன். அவள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெஷினை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். தேக்குத் தூள் அவள் சேலையில் எல்லாம் கொட்டியது. கொக்கியைத் தானே திருகி இறுக்கினாள்.

ஆல்வின் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். "யாரும்மா இத அடிச்சது?"

"நாந்தான். எம் பைய மாட்ட."

"வண்டி வேணும்னா வேணும்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"ஒங்கப்பா கிட்ட எம்புட்டு சொல்லிருக்கேன். சொன்னா யாரு கேட்டா?" என்றாள்.

மறுநாள் விடுதிக்காரர் வந்தார். கோணலாக நின்ற கொக்கியையும் கீறலையும் பார்த்தார், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போலும். யார் ஓட்டுவார்கள் என்று ஆல்வின் மறுபடி கேட்டபோது, அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றபடி அக்கா அந்தக் கொக்கியில் முதல் பையை மாட்டினாள். கடலும் இல்லை, மலையும் இல்லை. பின்சன்னல் வழியாகத் தெரிந்தது எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணிகளும், நிழலில் படுத்திருந்த ஒரு நாயும்தான். பை இறங்கி முடியும்வரை அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறை அழுதாள். அவருக்காகவா, இத்தனை நாள் பார்க்காமல் போனதற்காகவா என்று நான் கேட்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து அழுதேன். எனக்கு அந்த மனிதரை நினைத்து அழ வேண்டிய அவசியமே இல்லை.

ஐயர் கேட்ட நாலு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. அத்தானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய டிரைவர் சீட். தன் நீளக் காலுக்குத் தோதாக அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். நான் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வருகிற வாரம் அக்காவை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போகிறேன், பின்சன்னலில் கடல் தெரிய, வண்டியைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவேன். என் கோபத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். அதை விட்டுவிட்டால், அந்த மனிதரோடு பேச எனக்கு வேறு ஒன்றும் இல்லை.